613ஆம் எண்ணில் தொடங்கிய பதிவேடு

கடலூரில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுகள் 2015 வெள்ளத்தில் நனைந்தன. அவற்றைக் காப்பாற்ற எடுத்த முயற்சியும், அதன் நடுவே பள்ளியின் தொடக்க ஆண்டு கேள்விக்குள்ளானதும் இங்கே பதிவாகின்றன. சம்பந்தப்பட்டவர்களின் பெயரும் பள்ளியின் பெயரும் இல்லை. அடையாளம் காட்டிவிடும் என்பதால் பள்ளியின் பழைய ஆண்டுகளும் தரப்படவில்லை.

பின்னணி

பள்ளி புதுநகர்ப் பகுதியில், கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் நடுவில் தாழ்ந்த நிலத்தில் இருக்கிறது. ஜில்லா போர்டு நடத்திய பள்ளி. போர்டுகள் கலைந்தபின் அரசின் கைக்கு வந்தது. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கியபோது பெயர்ப்பலகையில் 'உயர்நிலை' போய் 'மேல்நிலை' வந்தது. முன்பக்கம் ஓடு வேய்ந்த பழைய கட்டடம், பின்னால் மாடியுடன் கூடிய கான்கிரீட் கட்டடம். அலுவலகமும் பதிவறையும் பழைய கட்டடத்தில், தரைத்தளத்தில் இருந்தன. அந்தத் தரை சாலையைவிட ஒரு சாண்கூட உயரமில்லை. சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் உயர்ந்தது, கட்டடம் இருந்த இடத்திலேயே இருந்தது.

பதிவறையில் 41 சேர்க்கைப் பதிவேடுகள் இருந்தன. அட்மிஷன் ரிஜிஸ்டர் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். ஒரு மாணவருக்கு ஒரு வரி. வரிசை எண், பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், தொழில், மதம், சாதி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, விலகிய தேதி, விலகிய காரணம் என இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நீளும் வரி அது. பிறப்பைப் பதிவு செய்யும் பழக்கம் பரவலாக இல்லாத காலத்தில் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான ஒரே சான்று பெரும்பாலும் இந்த வரிதான். பாஸ்போர்ட், ஓய்வூதியம், பிள்ளைகளின் சாதிச் சான்று, தொலைந்த டி.சி. என்று மாதம் பத்துப் பதினைந்து பேராவது பழைய பதிவைத் தேடி அலுவலகத்துக்கு வருவது வழக்கம்.

நனைந்தது எப்படி

2015 நவம்பரில் தொடங்கிய மழை டிசம்பர் முதல் வாரம் வரை விட்டுவிட்டுப் பெய்தது. பள்ளிக்கு விடுமுறை. மாடி வகுப்பறைகளில் தாழ்வான தெருக்களிலிருந்து வந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. பதிவேடுகளை மாடிக்கு ஏற்றலாம் என்று பதிவறை எழுத்தர் சொன்னபோது அங்கே இடமில்லை. பீரோ சாவி ஒன்றுதான் இருந்தது, அதை வைத்திருந்த இளநிலை உதவியாளரின் வீட்டைச் சுற்றியும் தண்ணீர் நின்றது. அன்றிரவே பதிவறைக்குள் இரண்டடித் தண்ணீர் ஏறிவிட்டது.

சுமார் 30 மணி நேரம் நின்று வடிந்தது. கதவைத் திறந்தபோது நனைந்து இரண்டு நாள் முடிந்திருந்தது. மேல் தட்டுகளிலிருந்த 18 பதிவேடுகள் தப்பின. கீழ் இரண்டு தட்டுகளில் இருந்த 23 முழுக்க ஊறியிருந்தன. முதுகுத் துணியில் பசை இருக்கும் இடத்தில் சாம்பல் நிறப் பூசணம் தெரிந்தது. மாவுப் பசைதான் பூசணத்துக்கு முதல் சாப்பாடு, எனவே அது முதுகில்தான் தொடங்கும். கடலூர் மாதிரி ஈரக்காற்று வீசும் ஊரில் 48 மணி நேரம் கடந்தால் அது தாளுக்குள் இறங்கிவிடும்.

இன்னொரு சிக்கல், தாள் ஊறி உப்பியதில் பதிவேடுகள் தட்டுக்குள் இறுகிக்கொண்டன. முதல் இரண்டை முதுகைப் பிடித்து இழுத்தார்கள், முதுகு கையோடு வந்தது. அதன்பிறகு பீரோவின் பக்கவாட்டுத் திருகுகளைக் கழற்றி, மேல் தட்டைத் தளர்த்தித் தூக்கிவிட்டு மற்றவற்றை எடுத்தார்கள். முதலிலேயே செய்திருக்க வேண்டியது இதுதான்.

முதல் நாள் தவறுகள்

மழை இடைவிட்டு வெயில் எட்டிப்பார்த்தது. அலுவலக உதவியாளர் நல்லெண்ணத்தோடு 6 பதிவேடுகளை மொட்டைமாடியில் விரித்துப் போட்டார். மூன்று மணி நேரத்தில் அட்டைகள் வில்லாக வளைந்தன. வெளித்தாள் காய்ந்து சுருங்கியது, உள்ளே ஈரம் அப்படியே நின்றது. பாதி காய்ந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாயின. பிரிக்க முயன்ற இடமெல்லாம் கிழிந்தது. ஈரத்தாளுக்கு வலு மிகக் குறைவு. விரித்துப் பார்க்கும் ஆசையை அந்தச் சமயத்தில் அடக்கியே ஆகவேண்டும்.

ஈரத்தை உறிஞ்ச இடையில் வைத்தவை அன்றைய செய்தித்தாள்கள். அச்சு மை தலைகீழாகப் பதிவேட்டில் ஏறியது. 1950களின் ஒரு பக்கத்தில் ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்று இன்னமும் மங்கலாகத் தெரிகிறது.

உறைய வைக்கும் முடிவு

இரண்டாம் நாள் மாலை தலைமையாசிரியர், வரலாற்று ஆசிரியர், இளநிலை உதவியாளர், முன்னாள் மாணவர் சங்கத்தினர் இருவர் எனக் கூடினார்கள். 17 பதிவேடுகள் இன்னும் தொடப்படாமல் ஊறிய நிலையில் இருந்தன. அத்தனையையும் ஒரே நேரத்தில் காயவைக்க இடமும் இல்லை, ஆளும் இல்லை, காய்ந்த காற்றும் இல்லை. கார்த்திகை மாதத்தில் துவைத்த வேட்டியே மூன்று நாள் காயாத ஊர் இது.

ஆவணக் காப்பில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டபோது அவர் சொன்னது ஒன்றுதான்: உறைய வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில், அதாவது சுழியத்துக்குக் கீழ் 18 செல்சியஸில், பூசணம் வளராது, மை மேலும் கசியாது. நேரம் கிடைக்கும். பூசணம் சாகாது என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். வெளியே எடுத்து உருகியதும் விட்ட இடத்தில் தொடங்கும், எனவே எடுத்த உடனே காயவைக்க ஏற்பாடு இருந்தால் மட்டுமே எடுக்க வேண்டும்.

துறைமுகப் பக்கம் ஐஸ் ஆலைகள் உண்டு. ஆனால் கட்டி ஐஸ் இதற்கு உதவாது, அது உருகி மறுபடி நனைக்கும். முன்னாள் மாணவர் ஒருவர் ஐஸ்கிரீம் விநியோகம் செய்பவர். மழையில் விற்பனை படுத்திருந்ததால் பெட்டி ஃபிரீசர் இரண்டைக் காலி செய்து கொடுத்தார். ஒவ்வொரு பதிவேட்டையும் மூடிய நிலையிலேயே அழுத்திப் பிடித்து, வெளிச்சேற்றை மட்டும் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தார்கள். தொட்டித் தண்ணீரில் அலசவில்லை, உள்ளே கரையும் மை இருந்ததுதான் காரணம். பட்டர் பேப்பரில் சுற்றி, பாலித்தீன் உறையில் போட்டு, முதுகு கீழே இருக்கும்படி பால் கிரேட்டுகளில் நிறுத்தினார்கள். அடையாளச் சீட்டுகள் பென்சிலால் எழுதப்பட்டன. பேனாவால் எழுதிய முதல் மூன்று சீட்டுகள் ஒரு மணி நேரத்தில் அழிந்த பிறகுதான் பென்சில் வந்தது.

எதை முதலில் எடுப்பது

இதில்தான் கருத்து வேறுபாடு. சங்கத்தினருக்குப் பழையவை முதலில் வேண்டும், நூற்றாண்டு விழா மலருக்கு அவைதான் தேவை. இளநிலை உதவியாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், பழைய ரிஜிஸ்டர்ல இருக்கறவங்க யாரும் வந்து கேக்கப் போறதில்ல. அறுபதுலேர்ந்து எண்பத்தஞ்சு வரைக்கும் உள்ளவங்கதான் தினமும் வந்து நிக்கறாங்க." தலைமையாசிரியர் அவர் பக்கம் நின்றார்.

மையைப் பார்த்தாலும் அதுவே சரி. பழைய பதிவேடுகளில் இருந்தது நீலக்கருப்பு மை, இரும்புச் சத்து கலந்தது. எழுதிக் காய்ந்ததும் தாளின் இழையோடு பிணைந்து கருத்துவிடும், தண்ணீரில் எளிதில் கரையாது. அதன் ஆபத்து வேறு: பல ஆண்டுகளில் தாளையே அரித்து, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழச் செய்யும். 1960களிலும் 70களிலும் பலர் பயன்படுத்திய சாதாரண நீல மை சாயம் மட்டுமே, நனைந்தால் ஓடும். சாயம் கலந்த காப்பியிங் பென்சிலின் எழுத்து ஊதா நிறத்தில் பரவும். ரப்பர் ஸ்டாம்பும் அப்படியே. பால்பாயிண்ட் பேனா வந்த பிறகான பதிவுகள் நனைந்தும் கலையாமல் நின்றன. எனவே ஃபிரீசரிலிருந்து எடுக்கும் வரிசை ஆண்டுப்படி இல்லாமல் மைப்படி அமைந்தது.

காயவைத்தது

பள்ளியில் ஏ.சி. இருந்த ஒரே அறை கணினி அறை. அங்கே ஒரு தடவைக்கு மூன்று பதிவேடுகள். ஏ.சி. குளிர்ச்சிக்காக ஓடவில்லை, காற்றிலுள்ள ஈரத்தை எடுப்பதற்காக 'டிரை' நிலையில் ஓடியது. மின்விசிறிகள் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டன. காற்று நேராகப் பட்டால் ஓரம் முதலில் காய்ந்து தாள் அலையலையாகிவிடும்.

அச்சகத்தில் ரோல் முடிவில் மிஞ்சும் அச்சிடாத நியூஸ்பிரிண்ட் வாங்கி, பதிவேட்டின் அளவுக்கு வெட்டிக்கொண்டார்கள். தானாகப் பிரியும் இடங்களில் மட்டும், பத்துப் பதினைந்து தாளுக்கு ஒன்று வீதம் செருகினார்கள். செருகியதன் மொத்தத் தடிமன் பதிவேட்டின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, தாண்டினால் முதுகு உடையும். முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றம், மறுநாள் நான்கு, பிறகு காலை மாலை. ஈரம் பாதி போனதும் பதிவேட்டை நிமிர்த்தி நிறுத்தி விசிறிபோல் லேசாக விரித்து வைத்தார்கள். தொட்டால் குளிர்ச்சி தெரியாத நிலை வந்த பிறகே, பலகைகளுக்கு நடுவே வைத்துச் செங்கல் ஏற்றினார்கள். ஒரு பதிவேட்டுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு நாள். டிசம்பர் நடுவில் தொடங்கிய வேலை பிப்ரவரி கடைசியில் முடிந்தது.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் தாள் வெட்டினார்கள், ஈரத்தாளை வெளியே கொண்டுபோனார்கள். பதிவேட்டைத் தொட அவர்களை விடவில்லை. பூசணம் ஒரு காரணம். வகுப்புத் தோழனின் தாத்தா பெயருக்கு நேரே சாதியும் அந்தக் காலச் சொல்லிலேயே எழுதியிருக்கும் என்பது மற்றொன்று. ஆசிரியர்கள் முகக்கவசமும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டார்கள், ஆஸ்துமா இருந்த ஒருவர் விலக்கப்பட்டார். காய்ந்த பூசணத்தை வராந்தாவில், காற்று வெளிப்பக்கம் வீசும்போது, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்தார்கள். அந்துருண்டை வைக்கலாம் என்று சிலர் சொன்னது ஏற்கப்படவில்லை. அது பூச்சியை விரட்டலாம், பூசணத்தை ஒன்றும் செய்யாது.

கிழிந்த தாள்களுக்கு செல்லோடேப் போடவில்லை. முன்பு எப்போதோ ஒட்டிய டேப்பின் பசை பழுப்பாகி எழுத்தையே மூடியிருந்ததைக் கண்ணெதிரே பார்த்திருந்தார்கள். கடையில் கொடுத்து லேமினேட் செய்த இரண்டு தாள்களும் பதிவேட்டில் இருந்தன. அவற்றைத் திரும்பப் பிரிக்க வழியே இல்லை. மெல்லிய திசுத்தாளும் மைதாவைக் கிண்டி வடிகட்டிய பசையும் போதுமானதாக இருந்தன.

சிவப்பு மை

பெரிய இழப்பு இங்கேதான். பிறந்த தேதித் திருத்தம், பெயர் மாற்றம், விலகல் குறிப்பு போன்றவை சிவப்பு மையில் எழுதி அதிகாரியின் சுருக்கொப்பத்தோடு இருக்கும். நனைந்தவற்றில் பாதிக்கு மேல் வெறும் இளஞ்சிவப்புக் கறையாகிவிட்டன. ஜவுளிக்கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் புறஊதா விளக்கைக் கொண்டுவந்து இருட்டறையில் பார்த்தபோது சில இடங்களில் எழுத்து ஒளிர்ந்தது. சிவப்பு மைச் சாயத்துக்கு அந்த ஒளியில் மினுங்கும் குணம் உண்டு. மங்கிய நீலக்கருப்பு எழுத்து அதே விளக்கில் கருப்பாகத் தெரியும். படித்ததை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே எழுதி ஒப்பிட்டார்கள். ஒத்துப்போகாததை 'படிக்க இயலவில்லை' என்றே குறித்தார்கள், ஊகித்து நிரப்பவில்லை.

பதிவேடுகளைப் புதிதாகப் பார்த்து எழுதிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. தலைமையாசிரியர் மறுத்தார். நகல் எழுதுகிற கை தவறு செய்யும், அசல் பிறகு கவனிப்பாரற்றுப் போகும். சேதத்தைப் பட்டியலிட்டு மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்தார்கள். சிவப்புப் பதிவு அழிந்த வரிகளுக்குச் சான்று கேட்டு வருபவரிடம் டி.சி. அடிக்கட்டு, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் போன்ற இரண்டாவது ஆதாரம் பார்த்த பிறகே வழங்குவது என்று முடிவானது. இதனால் சிலர் மூன்று நான்கு முறை அலைந்தார்கள்.

2016 கோடை விடுமுறையில் 41 பதிவேடுகளும் படமெடுக்கப்பட்டன. மேலிருந்து நேர் கீழே பார்க்கும் கேமரா, இருபுறமும் 45 டிகிரிச் சாய்வில் விளக்கு, கண்டிப்பாக வண்ணத்தில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்புத் திருத்தமும் மூலப் பதிவும் ஒன்றாகிவிடும். கோப்புப் பெயர் பதிவேட்டு எண், பக்க எண் மட்டுமே. இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று பள்ளியில், மற்றது வேறு கட்டடத்தில்.

கல்வெட்டும் பதிவேடும்

பழைய பதிவேடுகள் கடைசியாகத்தான் காய்ந்தன. 'முதல்' என்று எல்லாரும் நம்பிய பதிவேட்டின் முதல் வரியில் எண் 1 இல்லை. 613 இருந்தது. அதற்கு முன் ஒரு பதிவேடாவது இருந்து தொலைந்திருக்க வேண்டும்.

முகப்புச் சுவரில் கல்வெட்டு உண்டு. அதிலுள்ள ஆண்டையே பொன்விழா மலர் எடுத்தாண்டது, பிறகு வந்த எல்லாரும் மலரைப் பார்த்து எழுதினார்கள். தலைமையாசிரியர் பெயர்ப்பலகை அதற்கு இரண்டாண்டு பின்னால் தொடங்குகிறது. பதிவேடு இரண்டோடும் ஒத்துப்போகவில்லை.

சங்கத்தில் ஒருவர் கணக்குப் போட்டார்: வருடம் 60 பேர் என்றால் 612 பேருக்குப் பத்து வருடம், ஆகவே பள்ளி பத்து வருடம் மூத்தது. வரலாற்று ஆசிரியர் இதை ஏற்காததற்குக் காரணங்கள் இருந்தன. விலகி மறுபடி சேர்ந்தவருக்குப் புது எண் விழும். தொடக்க வகுப்புகள் இணைந்திருந்தால் எண்கள் வேகமாக ஓடியிருக்கும். சேர்க்கை எல்லா ஆண்டும் ஒரே அளவில் இருந்திருக்காது.

அவர் வகுப்புப் பத்தியைப் பார்த்தார். அந்தக் காலத்தில் முதல் பாரம் முதல் மூன்றாம் பாரம் வரை நடுநிலை, நான்காம் பாரம் முதல் ஆறாம் பாரம் வரை உயர்நிலை. 613இலிருந்து 790களின் நடுப்பகுதி வரை மூன்றாம் பாரத்துக்கு மேல் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. பிறகு ஒரே வாரத்தில் பதினோரு பேர் நான்காம் பாரத்தில் வெளியிலிருந்து சேர்கிறார்கள். உயர்நிலை வகுப்பு தொடங்கிய வாரம் அதுதான். கல்வெட்டின் ஆண்டுக்கு அது நான்கு ஆண்டு முந்தையது. கல்வெட்டு கட்டடத் திறப்பைத்தான் சொல்கிறது, வாசகத்திலும் 'கட்டடம்' என்றே இருக்கிறது, யாரும் நின்று படித்ததில்லை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு இரண்டு முறை போய் வந்ததில், உயர்நிலைப் பள்ளியாக அங்கீகரித்த ஆணையின் குறிப்பு கிடைத்தது. பதிவேடு காட்டிய ஆண்டோடு அது பொருந்தியது. நடுநிலைப் பள்ளி தொடங்கிய ஆண்டுக்கு மட்டும் ஆதாரம் சிக்கவில்லை.

மற்றப் பத்திகளும் பேசின. தந்தை தொழிலில் முதலில் கோர்ட் குமாஸ்தாக்கள், கலெக்டர் கச்சேரிச் சிப்பந்திகள். கடலூர் தென்னாற்காட்டின் தலைநகர் அல்லவா. பிறகு நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைத் தொழிலாளிகள், நெசவு, மீன்பிடி, ரிக்‌ஷா. 1956க்குப் பிந்தைய ஆண்டுகளில் 'நெய்வேலிக்கு மாற்றம்' என்று விலகல் காரணம் தலைகாட்டுகிறது. 2005 ஜனவரியில், நடு ஆண்டில், வரிசையாகச் சேர்க்கைகள். முந்தைய பள்ளி கடலோரக் குப்பங்களில், குறிப்புப் பத்தியில் 'டி.சி. பின்னர்'. சுனாமி என்ற சொல் எங்கும் இல்லை.

இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவைப்பட்டது. பிறந்த தேதிகளில் ஜூன் மாதமும் அதை ஒட்டிய தேதிகளும் மிக அதிகம். பள்ளி திறக்கும் நாளில் வயது சரியாக வரும்படி ஆசிரியர் எழுதிய தேதிகள் அவை, வயதுக் கணக்கு எதற்கும் உதவாது. ஊர்ப் பெயரும் அப்படித்தான். திருப்பாதிரிப்புலியூர் ஒன்றே திருப்பாப்புலியூர், புலியூர், டி.பி.ஊர் என்று எழுத்தர் மாறும்போதெல்லாம் மாறுகிறது. அட்டவணை தயாரித்தவர்கள் இருந்ததை ஒரு பத்தியிலும் இன்றைய பெயரை அடுத்த பத்தியிலும் எழுதினார்கள்.

தொடர்ந்தவை

விழாவை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதில் சங்கம் இரண்டாகப் பிரிந்தது. நான்காம் பாரம் தொடங்கிய ஆண்டை ஆசிரியர்கள் முன்வைத்தார்கள். பத்து வருடக் கணக்கை நம்பியவர்கள் ஒதுங்கினார்கள், அவர்கள் தருவதாகச் சொன்ன நன்கொடையும் வரவில்லை. கலையரங்கம் கட்டும் திட்டம் கைவிடப்பட்டது. கல்வெட்டு அதே இடத்தில் இருக்கிறது. அதன் கீழே வைத்த சிறு பலகையில் இரண்டு ஆண்டுகள் தனித்தனியே எழுதி, 'நடுநிலைப் பள்ளி அதற்கு முன்பே இயங்கியது' என்று முடித்திருக்கிறார்கள்.

பதிவேடுகளை மக்கள் பார்க்க ஒருநாள் கண்காட்சி வைத்தார்கள். பழைய மாணவர்கள் பேரப்பிள்ளைகளோடு வந்தார்கள். கண்ணாடிக்குக் கீழே விரித்திருந்த இரண்டு பதிவேடுகளில் சாதிப் பத்தி மூடப்படாமல் இருந்தது. ஒருவர் தம் தந்தையின் வரியையும் அதற்கு நேரே இருந்த சொல்லையும் கண்டு, ஒன்றும் பேசாமல் வெளியேறினார். உடன் வந்தவர்கள் தலைமையாசிரியரிடம் முறையிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டும் எடுக்கப்பட்டன. தலைமையாசிரியர் மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவித்தார். சாதி, மதம் குறிக்காமலே பள்ளியில் சேர்க்கலாம் என்று 1973இலேயே தமிழ்நாட்டில் அரசாணை வந்துவிட்டது. பழைய தாளை விரிப்பவர்களுக்கு அது நினைவில் இருந்திருக்க வேண்டும். அதன்பின் வெளியாருக்குப் படநகல் மட்டும், அதிலும் அந்த இரண்டு பத்திகள் மறைத்து. தமக்குரிய வரியைக் கேட்பவருக்கு மட்டும் முழுமையாக.

மாற்ற வேண்டியவை

சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். பீரோவின் கீழ்த்தட்டில் நிரந்தரப் பதிவேடு எதுவும் கூடாது. தட்டை இறுக்கி அடுக்கக் கூடாது, கை நுழையும் இடைவெளி வேண்டும். பள்ளி நிவாரண முகாமாக மாறும்போது மாடியில் ஓர் அறையை ஆவணத்துக்கு ஒதுக்கிவிட்டே மற்றவற்றைத் திறக்க வேண்டும். ஃபிரீசர் வைத்திருப்பவரின் எண் அலுவலகச் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சிவப்புத் திருத்தங்களை இனிமேல் பால்பாயிண்டில் எழுத வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை 2017க்குள் நடந்துவிட்டன. பதிவேடுகள் மாடியில் ஓர் அறைக்குப் போயின.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது பழைய கட்டடத்துக்குள் மறுபடி ஓரடித் தண்ணீர் நின்றது. மாடியிலிருந்த 41 பதிவேடுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நடப்புப் பதிவேடு மட்டும், தினமும் கைக்குத் தேவைப்படுவதால், தரைத்தள மேசையின் அடி இழுப்பறையில் இருந்தது. அது நனைந்தது. அன்று மாலையே பட்டர் பேப்பரில் சுற்றி ஃபிரீசருக்குப் போய், பத்து நாளில் காய்ந்து வந்தது. பால்பாயிண்ட் எழுத்து கலையவில்லை. அட்டை மட்டும் வளைந்திருக்கிறது. இப்போது அது மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கிறது.